மேளச் சமா கேட்ட காதோடு ஜாஸ் கேட்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்ணூறுகளின் தொடக்கம். இலங்கையில் போர்த் தடையால் வன்னிக்குள் பற்றரி வர விடாத காலம். எங்கள் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் றேடியோ கேட்போம். தமிழோசை முடியும் வரை அப்பா பெடலைச் சுற்றுவார். அதற்குப் பிறகு அண்ணாவும் நானும் மாறி மாறிச் சுற்றி, சிற்றலையில் முள்ளை நகர்த்தி, எதுவாவது பிடிபடுகிறதா என்று தேடுவோம். ஒரு நாள் ஒரு ட்ரம்பெட் பிடிபட்டது. பாட்டுக்கு வாசிக்கிற மாதிரியும் இல்லை, பாண்ட் வாத்தியம் மாதிரியும் இல்லை. ஒருவர் யோசித்து யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவது போல இருந்தது. கை சோர்ந்தால் சத்தம் தாழ்ந்து போகும். அவர் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கட்டும் என்று விடாமல் சுற்றினேன். அதற்குப் பெயர் ஜாஸ் என்று அறிய எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

இப்போது நான் காத்தவராயன் கூத்துகளுக்கு ஆர்மோனியம் வாசிப்பவன். தவில் பழகும் என் மருமகன் போன வருடம் என் ஃபோனில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "மாமா, உதில என்ன கிடக்கு? ஆளுக்கொரு பக்கம் வாசிக்கினம். நீங்கள் என்னத்தைக் கேக்கிறியள்?" என்றான். நியாயமான கேள்வி. அவனுக்கு உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொடுத்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கோயில் திருவிழாவில் மேளச் சமா, அதாவது நாயனக்காரரும் தவில்காரரும் உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரி, கேட்டு விடிய விடிய இருந்தவர்கள் எவருக்கும் இந்த வழி பொருந்தும். தாளம் போடத் தெரிந்தால் போதும்.

ஜாஸ் வாசிப்பவர்களுக்கும் ஊன்றிக் கேட்பவர்களுக்கும் அது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாவர்த்தனத்தை இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குத் தாளம் தெரியாது. அவருக்குத் தெரிவது வேகம் மட்டும். மற்றவர் தொடையில் தாளம் போட்டபடி இருக்கிறார். தவில்காரர் எங்கே புறப்பட்டார், எவ்வளவு தூரம் விலகிப் போனார், தாளம் தொடங்கும் இடமான சமத்துக்குத் திரும்பி வர இன்னும் எத்தனை அட்சரம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் அவருக்கு நெஞ்சு பதைக்கிறது. ஜாஸிலும் கதை இதுதான். அடியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் ஒருவர் அந்த நிமிடத்தில் மனதில் தோன்றியதை வாசிக்கிறார். வட்டத்தைப் பிடித்திருப்பவருக்கு அவருடைய எண்ணம் ஓடுவது கேட்கும். பிடிக்காதவருக்கு இரைச்சல்தான் கேட்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி வட்டத்தைப் பிடிப்பதைப் பற்றியது.

முதல் படி: இயர்ஃபோனும் ஒரே ஒரு பாட்டும்

ஃபோன் ஸ்பீக்கரில் ஜாஸ் கேட்காதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். டபிள் பேஸ் என்ற, ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் ஒன்று இருக்கிறது. ஜாஸின் முதுகெலும்பு அதுதான். சின்ன ஸ்பீக்கரில் அதன் ஒலி வரவே வராது. பேஸ் இல்லாமல் ஜாஸ் கேட்பது, தவிலின் தொப்பிப் பக்கம் இல்லாமல் மேளம் கேட்பது போல. விலை குறைந்த இயர்ஃபோன் போதும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்ச் சத்தமும் ஓய்ந்த பிறகு, இரவில் கேளுங்கள்.

பெரிய பட்டியல் எதுவும் வேண்டாம். ஒரு கிழமைக்கு ஒரே பாட்டு. "சோ வட்". மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட "கைண்ட் ஒஃப் புளூ" இசைத்தட்டின் முதல் பாட்டு. ஃபோனிடம் வாயால் சொன்னாலே தேடித் தரும். ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். முதல் இரண்டு நாளும் எதையும் ஆராயாமல் கேளுங்கள். மூன்றாம் நாளில் இருந்து வேலை தொடங்கும்.

இரண்டாம் படி: ஆதி தாளம் போடுங்கள்

பாட்டின் தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல், ஆலாபனை போலச் சிறிது நேரம் போகும். பிறகு பேஸ் ஒரு கேள்வி கேட்பது போல ஒரு வரி வாசிக்க, பியானோ இரண்டே இரண்டு அடியில் பதில் சொல்லும். அந்த இடத்தில் இருந்து தாளம் நிலைத்துவிடும். ஆதி தாளம் போடத் தொடங்குங்கள். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அச்சாகப் பொருந்தும்.

இனி ஆவர்த்தனங்களை, அதாவது தாளம் முழுதாகச் சுற்றி முடியும் ஒவ்வொரு தடவையையும், எண்ணுங்கள். நான்கு ஆவர்த்தனம் ஒரு பகுதி. அதே பகுதி இன்னொரு தடவை. மூன்றாவது நான்கு ஆவர்த்தனம் வரும்போது எல்லாம் சற்று மேலே தூக்கப்பட்டது போல இருக்கும். நான்காவது பகுதியில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். மொத்தம் பதினாறு ஆவர்த்தனம். இதுதான் வட்டம். ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ என்று யார் வாசித்தாலும் பாட்டு முடியும் வரை இந்த வட்டம் மாறாது.

ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். முதல் எட்டு ஆவர்த்தனமும் இரண்டு கட்டைச் சுருதி. மூன்றாம் பகுதி இரண்டரைக் கட்டை. பிறகு மறுபடி இரண்டு கட்டை. இரண்டு கட்டையில் ஷட்ஜம் வைத்து, கறுப்புக் கட்டை எதையும் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திப் பாருங்கள். சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். ஆம், கரகரப்பிரியா. மேலைத் தேசத்தார் இதை டோரியன் என்பார்கள். இதை முதன்முதலில் கண்டுபிடித்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் உடனே ஒரு எச்சரிக்கை. சுரங்கள் கரகரப்பிரியாவுடையவை என்பதால் ராகமும் அதுவே என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் கமகம் அங்கே இல்லை, ராகத்துக்குரிய பிடிகளும் இல்லை. எங்கள் கச்சேரியில் பாட்டின் நடுவே சுருதி நகராது. இங்கே அது நகர்வதுதான் பாட்டின் கட்டுமானமே. அரைக் கட்டை மேலே போகும் அந்த இடத்துக்காகக் காத்திருக்கப் பழகுங்கள். நான்கு நாள் போனால் அந்த இடம் வருவதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்த அன்று நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

மூன்றாம் படி: நான்கு பேர், ஒரே வளவு

வட்டம் கைக்கு வந்துவிட்டதா? சரி. இப்போது வாசிப்பவர்களைக் கேட்கலாம். "சோ வட்"டில் முதலில் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட். அவர் தொடங்கும் இடத்தில் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி கொப் சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஓங்கி ஒரு அடி போடுவார். அந்த ஒலி கரைந்து முடியும் வரை மைல்ஸ் அவசரப்படவே மாட்டார். ஒரு சின்னச் சொற்றொடர், பிறகு மௌனம். அந்த மௌனத்தில் பேஸ் நடந்துகொண்டே இருக்கும். எங்கள் பெரிய நாயனக்காரர்கள் ஒரு சுரத்தை ஊதிவிட்டு, தவிலைப் பேசவிட்டு நிற்பார்களே, அந்தத் துணிவு.

அடுத்து ஜோன் கோல்ட்ரேன், டெனர் சாக்ஸபோன். மைல்ஸ் விட்ட இடைவெளிகளை எல்லாம் இவர் நிரப்புவார். ஒரு சின்னப் பிடியை எடுத்து, திருப்பி, புரட்டி, மேலே ஏற்றி, வேறு பக்கமாக இறக்கி, தேடிக்கொண்டே போவார். மூன்றாவதாக கெனன்போல் அடர்லி, ஆல்ட்டோ சாக்ஸபோன். இவரது வாசிப்பில் சிரிப்பும் சிறு அசைவுகளும் இருக்கும். கடைசியில் பில் எவன்ஸின் பியானோ, சுரங்களைக் கொத்தாக அழுத்தி, பனி மூட்டம் போல.

ஒரே வளவு, ஒரே வேலி, ஒரே கிணறு. நான்கு பேர் நான்கு விதமாக நடக்கிறார்கள். அந்த ஒலிப்பதிவுக்கு மைல்ஸ் கொண்டுவந்தது வெறும் குறிப்புகள்தான் என்று பில் எவன்ஸ் இசைத்தட்டின் உறையிலேயே எழுதியிருக்கிறார். யாரும் எழுதி வைத்து வாசிக்கவில்லை. ஒருவருடைய குணம் அவருடைய வாசிப்பில் ஒளிய இடமில்லாமல் நிற்கிறது. வாத்தியம் பழகியவர்கள் ஜாஸில் விழுந்து போவதற்கு முதற் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கை வேகத்தைப் பாடம் பண்ணலாம், குணத்தைப் பாடம் பண்ண ஏலாது.

மருமகனுக்கு நான் கொடுத்த பயிற்சி: மைல்ஸின் வாசிப்பை வாயால் பாடப் பழகு. சுரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "தா ரா" என்றாவது அவரோடு சேர்ந்து பாடு. இரண்டு கிழமையில் முழுவதையும் பாடிவிட்டான். அதற்குப் பிறகு அவன் "ஆளுக்கொரு பக்கம் வாசிக்கினம்" என்று சொல்வதில்லை.

நான்காம் படி: சிம்பலைப் பிடியுங்கள்

தவில், மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். ஜாஸ் ட்ரம்ஸில் வலக்கைச் சிம்பலில் விழும் நடையைக் கேளுங்கள். ஒரு அட்சரத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் "தக தக" என்று வரும். ஜாஸ் அப்படிப் பிரிப்பதில்லை. "தகிட" சொல்லி, நடு எழுத்தை ஒலிக்காமல் விடுங்கள். "த–ட, த–ட". முன்பாதி நீளம், பின்பாதி குட்டை. இந்தச் சாய்ந்த நடைக்குத்தான் ஸ்விங் என்று பெயர். வேகம் கூடக் கூடச் சாய்வு குறைந்து சமமாகிவிடும். எவ்வளவு சாய்ப்பது என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு. அதை எழுத்தில் காட்ட முடியாது, பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

இடக்காலால் மூடித் திறக்கும் சோடிச் சிம்பல் ஒன்றும் இருக்கிறது. அது இரண்டாம், நான்காம் அடிகளில் "சிக்" என்று மூடும். ஆதி தாளத்தின் பின்பாதியில் வீச்சு விழும் இடங்கள் அவை. எங்களுக்குத் தட்டு பெரிது. அவர்களுக்கு வீச்சில்தான் உயிர். கை தட்டி ரசிப்பதானால் வீச்சில் தட்டிப் பாருங்கள், பாட்டு முழுவதும் வேறொன்றாகத் தெரியும்.

ஐந்தாம் படி: புளூஸ் என்ற பன்னிரண்டு

ஜாஸின் தாய்வீடு புளூஸ். ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், பருத்தி வயல்களிலும் தேவாலயங்களிலும் பாடிய பாட்டுகளில் அதன் வேர் இருக்கிறது. நியூ ஓர்லியன்ஸ் நகரில் கொங்கோ சதுக்கம் என்று ஒரு இடம். அடிமைத்தனம் இருந்த காலத்திலேயே அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூடிப் பறை கொட்டி ஆடினார்கள். ஜாஸ் பிறந்ததும் அந்த நகரில்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

வேலை செய்யும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏந்திப் பாடுவது எங்களுக்குப் புதிதா? நெல் அறுக்கும்போது பாடும் அருவி வெட்டுப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். கூத்தில் வேடம் கட்டி ஆடுபவர் ஒரு வரி சொல்ல, பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவார். புளூஸ் பாட்டின் அமைப்பும் கிட்டத்தட்ட அப்படி: ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு அதற்குப் பதிலாக இன்னொரு வரி. ஆதி தாளக் கணக்கில் வரிக்கு இரண்டு ஆவர்த்தனம், மொத்தம் ஆறு. அவர்கள் நான்கு அடியை ஒன்றாக எண்ணுவதால் அது பன்னிரண்டு. முதல் வரி ஷட்ஜத்தில் நிற்கும். இரண்டாம் வரி மத்யமத்துக்குப் போய்த் திரும்பும். மூன்றாம் வரி பஞ்சமத்தைத் தொட்டு வீட்டுக்கு வரும். வாசிப்பவர்கள் இதில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்வார்கள், ஆனால் எலும்பு இதுதான்.

"கைண்ட் ஒஃப் புளூ"வின் இரண்டாவது பாட்டான "ஃப்ரெடி ஃப்ரீலோடர்" இதற்கு நல்ல பாடம். அதில் பியானோ வின்டன் கெல்லி. பாட்டுக்குள் முதலில் தனித்து வாசிப்பவரும் அவர்தான். ஆறு ஆவர்த்தனம் முடியும் ஒவ்வொரு தடவையும் விரலால் நிலத்தில் ஒரு கோடு போடுங்கள். அவ்வளவுதான் பயிற்சி.

இதே புளூஸ் வழியில் நாயனக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று, லூயி ஆம்ஸ்ட்ரோங் 1928இல் பதிவுசெய்த "வெஸ்ட் என்ட் புளூஸ்". மூன்றே கால் நிமிடப் பாட்டு. தொடக்கத்தில் துணை எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் ஏறி இறங்கும் சில விநாடிகளுக்காகவே அது வரலாற்றில் நிற்கிறது. எனக்கு அதைவிடக் கடைசிச் சுற்றுத்தான் பெரிது. அங்கே அவர் மேலே ஒரு சுரத்தைப் பிடித்து, கிட்டத்தட்ட இரண்டு ஆவர்த்தனம் முழுக்க விடாமல் நிற்பார். சீவாளி பிடித்து ஊதியவர்களுக்கு அந்த மூச்சின் விலை தெரியும்.

ஆறாம் படி: எங்கள் காதுக்குக் கடினமான இடம்

இதுவரை வந்தவை எங்களுக்கு ஓரளவு பழகியவை. கோர்ட்ஸ் அப்படியல்ல. மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பதும், அந்தக் கூட்டம் மாறிக்கொண்டே போவதும் தம்புராச் சுருதியில் வளர்ந்த காதுக்கு முதலில் அலைச்சல்தான். நான் இதில் இரண்டு வருடம் தடுமாறினேன். கடைசியில் ஆர்மோனியமே வழி காட்டியது.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கட்டைச் சுருதியை ஷட்ஜமாக வைத்து, வெள்ளைக் கட்டைகளில் ச–க–ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வாயால் "ச" பாடுங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது போல இருக்கும். இப்போது அதே "ச"வை விடாமல் பாடிக்கொண்டு, கையை ம–த–மேல் ச என்று மாற்றுங்கள். நீங்கள் பாடுவது அதே சுரம். ஆனால் அது இருக்கும் இடம் மாறிவிட்டது, திண்ணையில் இருந்து படலைக்கு வந்தது போல. இனி ரி–ம–த அழுத்துங்கள். அதே "ச" இப்போது எங்கேயோ சாய்ந்து, விழப் போவது போல நிற்கும். சுரம் அசையவில்லை, அடியில் நிலம்தான் அசைந்தது. ஜாஸில் ஒருவர் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது சலிப்பாக இருந்தால், அடியில் நிலம் மாறுவதைக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் அது வேறு சுரம்.

1940களில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இடத்தில், வேலை முடிந்த கலைஞர்கள் நள்ளிரவுக்குப் பிறகு கூடி வாசித்தார்கள். சரியான சமா. நிலத்தை வேகமாகவும் சிக்கலாகவும் மாற்றி, வந்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பியும் அந்தச் சூழலில் இருந்து எழுந்தவர்கள். பார்க்கரின் "கோ கோ" 1945இல் பதிவானது. அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த "செரோக்கி" என்ற பாட்டின் கோர்ட்ஸ் மேல் கட்டப்பட்டது. பழைய அத்திவாரம் அப்படியே இருக்க, மேலே புது வீடு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வாசிப்பவர்கள் ஏன் தலையாட்டுகிறார்கள் என்பது புரியும். ஆனால் முதல் மாதத்தில் "கோ கோ" வேண்டாம். தலை சுற்றும்.

ஏழாம் படி: யார் யாரைக் கேட்கிறார்கள்

இதைச் சொல்ல ஒரு சம்பவம். 1960களில் ஐரோப்பிய மேடை ஒன்றில் மைல்ஸ் டேவிஸ் குழு "சோ வட்" வாசித்துக்கொண்டிருந்தது. மைல்ஸ் உச்சத்துக்குப் போகும் நேரம், இளம் பியானோக் கலைஞர் ஹேர்பி ஹன்கொக் தவறான கோர்ட் ஒன்றை அழுத்திவிட்டார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று பதறிப்போனார். மைல்ஸ் ஒரு கணம் நின்றார். பிறகு அந்தத் தவறான கோர்ட்டைச் சரியாக்கும் சுரங்களைத் தேடி வாசித்தார். மைல்ஸ் அதைத் தவறாகவே கேட்கவில்லை, நடந்த ஒன்றாக எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சொன்னார் என்று ஹன்கொக் பல தடவை சொல்லியிருக்கிறார்.

கூத்து மேடையில் இருப்பவர்களுக்கு இது உள்ளே போய்த் தைக்கும். விடியப்புறம் மூன்று மணிக்கு ஆடுபவர் வரி மறந்து நிற்பார். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு ஒரு நடை கூட்டுவார், நான் ஆர்மோனியத்தில் மெட்டை இன்னொரு சுற்றுச் சுற்றுவேன், அதற்குள் அவருக்கு வரி வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது கூத்தின் பகுதியாகவே தெரியும். ஒருவர் விழாமல் மற்றவர்கள் தாங்குவது. ஜாஸில் இந்தத் தாங்கல்தான் எந்த நேரமும் நடக்கிறது.

இதைக் காதால் பிடிக்க, பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25ஆம் திகதி நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற கிளப்பில் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். பேஸ் ஸ்கொட் லஃபாரோ, ட்ரம்ஸ் போல் மோஷன். பேஸ் இங்கே பின்னால் நின்று தாளம் காட்டவில்லை, பியானோவோடு முகம் பார்த்துப் பேசுகிறது. ஒருவர் வசனத்தின் நடுவில் மற்றவர் புகுந்து முடிக்கிறார். வந்திருந்தவர்களின் பேச்சும் கிளாஸ் ஒலியும் கூடக் கேட்கும். லஃபாரோ அதற்குப் பதினொரு நாளில் கார் விபத்தில் இறந்துபோனார். அவருக்கு வயது 25. அதை அறிந்த பிறகு அந்தப் பதிவை என்னால் வேறு வேலை செய்துகொண்டு கேட்க முடிவதில்லை.

இரண்டு தவில் எதிரெதிரே நின்று ஆவர்த்தனத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வருமே, அது போன்ற பரிமாற்றம் ஜாஸிலும் உண்டு. சாக்ஸபோனும் ட்ரம்ஸும் இரண்டிரண்டு ஆவர்த்தனமாக மாறி மாறிப் பேசிக்கொள்ளும். சாக்ஸபோன் கலைஞர் சொனி ரொலின்ஸின் "சென்ட் தோமஸ்" (1956) இதற்கு அடுத்த வாசல். அவர் தாயிடம் கேட்ட கரீபியன் மெட்டு அது. குழந்தைகளும் ஆடுவார்கள். அவர் இரண்டே இரண்டு சுரத்தை எடுத்துத் தொடங்கி, அதையே வளர்த்துக்கொண்டு போவதையும், ட்ரம்ஸில் மக்ஸ் ரோச் மெட்டையே தோலில் வாசிப்பதையும் கவனியுங்கள்.

எட்டாம் படி: ஐந்து

டேவ் புரூபெக் குழுவின் "டேக் ஃபைவ்" (1959) பலருக்கும் எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கும். எழுதியவர் அந்தக் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் போல் டெஸ்மன்ட். ஐந்து அடித் தாளம். கண்டசாபு என்று நினைத்துத் "தக தகிட" போட்டால் இடிக்கும். "தகிட தக" போடுங்கள், அப்படியே உட்காரும். மூன்றும் இரண்டும். 1958இல் அந்தக் குழு துருக்கி, இந்தியா, அப்போதைய சிலோன் எல்லாம் சுற்றி வாசித்துத் திரும்பிய பிறகு வந்த இசைத்தட்டு அது. போகிற இடங்களில் கேட்ட தாளக்கட்டுகள் புரூபெக்கை விடவில்லை.

ஒன்பதாம் படி: கும்பிடும் இசை

இதற்கு வர நான் மருமகனை ஆறு மாதம் காக்க வைத்தேன். ஜோன் கோல்ட்ரேனின் "எ லவ் சுப்ரீம்". 1964 டிசம்பர் 9ஆம் திகதி பதிவானது. நான்கு பகுதி, அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. போதைப் பழக்கத்தில் இருந்து மீண்ட மனிதர் ஒருவர் கடவுளுக்குச் சொன்ன நன்றி அது.

முதல் பகுதியில் பேஸ் நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கோல்ட்ரேன் கடைசியில் அந்த நான்கு சுரத்தையும் எடுத்து, பன்னிரண்டு சுருதிகளிலும் மாறி மாறி வாசிப்பார். ஒவ்வொரு வாசலாகப் போய்க் கும்பிடுவது போல. அதன் பிறகு அதே மெட்டில் வாய்விட்டுச் சொல்வார்கள், இசைத்தட்டின் பெயரையே மந்திரமாக.

நான்காம் பகுதியில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோல்ட்ரேன் ஒரு பிரார்த்தனைக் கவிதை எழுதி, இசைத்தட்டின் உறையில் அச்சிட்டிருந்தார். நான்காம் பகுதி முழுவதும் சாக்ஸபோன் அந்தக் கவிதையைச் சொல் சொல்லாக வாசிக்கிறது. பாடவில்லை, வாத்தியத்தால் ஓதுகிறார். நாயனத்தில் கீர்த்தனை கேட்கும்போது சாகித்தியம் தெரிந்தவருக்குச் சொற்கள் காதில் விழுமே, அது போல. அப்பா தன் கடைசிக் காலத்தில் என்னிடம் இருந்து இயர்ஃபோனை வாங்கி அந்தப் பகுதியைக் கேட்டார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. கேட்டு முடித்துவிட்டு, "தேவாரமோடா?" என்று கேட்டார்.

பத்தாம் படி: கையில் எடுங்கள்

வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. தெரிந்த ராகம் ஒன்றில் நான்கே நான்கு சுரம் எடுங்கள். நண்பர் ஒருவர் ஆறு ஆவர்த்தனம் தாளம் போடட்டும். அந்த நான்கு சுரத்துக்குள் ஒரு கேள்வி, அதே கேள்வி, ஒரு பதில். அடுத்த சுற்று நண்பருடையது. அவர் கடைசியாக வாசித்த இரண்டு சுரத்தில்தான் நீங்கள் தொடங்க வேண்டும். இந்த ஒரு விதி போதும், மற்றவரைக் கேட்காமல் வாசிக்கவே முடியாது. பயிற்சிக்கு இடமில்லை என்று சொல்பவர்களுக்கு ஒன்று: சொனி ரொலின்ஸ் புகழின் உச்சியில் இருக்கும்போதே மேடையை விட்டு விலகி, 1959 முதல் 1961 வரை நியூயோர்க்கின் வில்லியம்ஸ்பேர்க் பாலத்தில் நின்று பயிற்சி செய்தார். வீட்டில் ஊதினால் அயலவருக்குத் தொந்தரவு என்று. எங்களுக்கு இரணைமடுக் குளக்கட்டு இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போனவர்களையும் கேளுங்கள். மைல்ஸ் டேவிஸோடு வாசித்த கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லஃப்ளின் 1970களில் "சக்தி" என்ற குழுவைத் தொடங்கினார். அதில் வயலின் எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், அங்கேயே வளர்ந்தவர். 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போயிற்று. கடம் விக்கு விநாயக்ராம், தபேலா சாகிர் உசேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவரின் வில்லும் மைல்ஸின் மேடையில் நின்றவரின் கிற்றாரும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் (1933–1975) பழைய பதிவு ஒன்றை, அதே இயர்ஃபோனில் கேளுங்கள். முன்பு வலக்கையை மட்டும் கேட்டிருப்பீர்கள். இந்தத் தடவை இடக்கைக் கழியைக் கேளுங்கள், பேஸைக் கேட்டது போல. பிறகு உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், சாமி உள்வீதி சுற்றி முடிந்து மேளக்காரர் சமாவுக்கு உட்காரும்போது, கூட்டத்தின் பின்னால் நிற்காமல் முன்னுக்குப் போய் இருங்கள். மருமகன் இந்த வருடம் அந்தச் சமாவில் இரண்டாவது தவிலாக உட்காரப் போகிறான்.